ஏழுமலை வண்டியில் நான் குறைத்த அரைக் கிலோ

போன மாதம் முரளி போன் செய்தான். ராயபுரத்தில் நான் முப்பத்தாறு வருடம் வேலை பார்த்த மெக்கானிக் பட்டறையை இப்போது அவன்தான் கவனித்துக்கொள்கிறான்.

"அண்ணே, வாரத்துக்கு நாலு பேரு அட்டப்பெட்டியோட வந்து நிக்கிறானுங்க. எல்லாம் ஆன்லைன்ல வாங்கின சாமான். இத மாட்டி வண்டி எடைய கொறைச்சுக் குடுன்றானுங்க. எத மாட்டலாம், எத மாட்டக் கூடாதுன்னு ஒரு லிஸ்டு எழுதிக் குடேன். செவுத்துல ஒட்டிடறேன்."

உட்கார்ந்து எழுதினேன். ஐந்து வரி ஓடியது. ஆறாவது வரியில் 'ஹேண்டில்பார்' என்று எழுதியதும் கை நின்றுவிட்டது. அந்த ஒரு சொல்லைப் படித்து யாரும் மாட்டுவதை நிறுத்தப்போவதில்லை என்று தோன்றியது. அதனால் பட்டியலை விட்டுவிட்டு, நடந்ததை எழுதுகிறேன். நீளமாக இருக்கிறதே என்று முரளி திட்டுவான். திட்டட்டும்.

நான் புளியந்தோப்பு ஹவுசிங் போர்டில் வளர்ந்தவன். பத்தாவது பெயிலானதும் அந்தப் பட்டறையில் சேர்ந்தேன். முதல் மூன்று வருடம் மண்ணெண்ணெயில் சாமான் கழுவியதைத் தவிர சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. பிறகு சக்கரம், பிறகு பிரேக், பிறகு இஞ்சின். எல்லோரும் போகிற வழிதான்.

பட்டறை முதலாளி ரஹீம் பாய். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதேயில்லை. யாராவது முக்கியமான நட்டை இறுக்கும்போது ரேடியோவை நிறுத்திவிடுவார். மற்றவர்களும் வாயை மூடிக்கொள்ள வேண்டும். இறுக்கி முடித்ததும் நட்டின் மேல் வெள்ளைப் பெயிண்டில் ஒரு கோடு. இறுக்கியவன் கோடு போடக் கூடாது, வேறொருவன் கை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் போட வேண்டும். வண்டியிலிருந்து கழற்றியது, வெட்டியது, மிச்சம் விழுந்தது எதுவானாலும் அந்த வண்டியின் பெயர் எழுதிய தட்டில் ஒரு வாரம் கிடக்க வேண்டும். ஸ்க்ரூவைக்கூட எறிய விடமாட்டார்.

கோபம் வந்தால் அவருக்கு மரியாதை வந்துவிடும். நான் சேர்ந்த ஏழாவது வருடம் ஒரு வண்டியின் பின்சக்கர அச்சில், நட்டு கழன்றுவிடாமல் மாட்டும் பின்னைப் போட மறந்தேன். வண்டி தெருமுனைகூடத் தாண்டவில்லை, பாய் நிறுத்திவிட்டார். என்னைப் பார்த்து, "வாங்க தனபால் சார். டீ சாப்புடுறீங்களா?" என்றார். உண்மையாகவே டீ வரவழைத்து, நான் குடித்து முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்திருந்தார். அதற்குப் பதில் நாலு அறை விட்டிருக்கலாம்.

எடை குறைக்கும் வேலை எங்களிடம் வந்தபோது அவர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "மூணு எடத்துல எடை பாக்காத. நிறுத்தறது, திருப்பறது, சக்கரத்த புடிச்சிகினு கீறது. மிச்சம் எதுல வேணா கை வையி."

நான் ஓய்வு பெறுவதற்கு நான்கு வருடம் முன்பு ஏழுமலை வந்தார். எண்ணூர் நெட்டுக்குப்பத்துக்காரர், என் வயதுதான். விசைப்படகில் தொழிலுக்குப் போய்க்கொண்டிருந்தவர். வலையை இழுக்கிற வின்ச்சில் ஓடிய கயிறு இடது முட்டியைச் சுற்றி இழுத்துவிட்டது. ஆபரேஷன் செய்து பிளேட் வைத்தார்கள். முட்டி மடங்கும், நீளும், கியர் போடும். பாரம் மட்டும் தாங்காது. கடலை விட்டுவிட்டு, ராயபுரத்தில் வலையும் கயிறும் விற்கிற கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். தினமும் காலையில் மகள் பவானியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கடலோர ரோட்டில் வருவார். அவள் நர்ஸிங் இரண்டாம் வருடம்.

வண்டி பழைய மாடல், பெரியது, கனமானது. சிக்னலில் நிற்கும்போது வலது கால் பிரேக்கில் இருக்கும், இடது காலைத்தான் ஊன்ற வேண்டும். ஊன்றினால் முட்டி விட்டுவிடும். இரண்டு தடவை விழுந்திருந்தார். இரண்டாவது தடவை பக்கத்தில் கன்டெய்னர் லாரி நின்றிருக்கிறது.

"ஸ்கூட்டர் வாங்கிக்கலாமே" என்றேன்.

"மச்சான் ஸ்கூட்டர ஓட்டிப் பாத்தேன் மாமு. அந்த ரோட்ல கீற குழிக்கு சின்ன சக்கரம் ஆவாது. மூணாம் நாளே தூக்கி எறிஞ்சிடுச்சு."

"பக்கத்துல ரெண்டு சக்கரம் வெச்சுக் குடுக்கட்டா?" என்று பாய் கேட்டார்.

"வெச்சா ரெண்டு லாரிக்கு நடுவுல எப்டி பாய் பூர்றது? இதே வண்டிதான். எடைய மட்டும் கொறைச்சிக் குடு. கால் தாங்கற அளவுக்கு."

கால் எவ்வளவு தாங்கும் என்பது அவருக்கே தெரியாது. பாய் அதைத்தான் முதலில் அளந்தார். பக்கத்து மீன் கம்பெனியிலிருந்து மேடைத் தராசு ஒன்றை இரவல் வாங்கி வந்தோம். ஏழுமலையைச் சுவரோரம் நிற்க வைத்து, இடது காலால் தராசை அழுத்தச் சொன்னார். "வலிக்கறப்ப சொல்லாத. வலிக்கப்போவுதுன்னு தோண்றப்ப சொல்லு." மூன்று முறை அழுத்தினார். மூன்றில் குறைந்த அளவு முப்பத்திநாலு கிலோ. பாய் அதைச் சுவரில் சாக்பீஸால் எழுதினார்.

பிறகு வண்டி. மொத்த எடை நூற்றுத் தொண்ணூற்று மூன்று. அதை சிக்னலில் சாய்கிற அளவுக்கு இடது பக்கம் சாய்த்து, கால் ஊன்றும் இடத்தில் தராசின் மேல் ஒரு ஜாக்கி வைத்து முட்டுக் கொடுத்தோம். முள் நாற்பத்தைந்தில் நின்றது. நாற்பத்தைந்தை முப்பத்திநாலுக்குக் கொண்டுவர வேண்டும். வேலை இவ்வளவுதான்.

"மேல கீறத மொதல்ல எடு. கீழ கீறது சாயறப்ப அவ்ளோ இழுக்காது" என்றார் பாய். முதல் குறைப்புக்குச் செலவே இல்லை: டேங்கை நிரப்பாதே, பாதிதான் போட வேண்டும் என்று ஏழுமலையிடம் சொல்லிவிட்டார். பிறகு ஈய பேட்டரியை எடுத்துவிட்டு லித்தியம் பேட்டரி. இரும்பு மட்கார்டுக்குப் பதில் ஃபைபர். பழைய சைலன்ஸரைத் தூக்குவதற்கே ஒரு ஆள் வேண்டும். அதற்குப் பதிலாகப் பாதி எடையில் சத்தம் போடாததாகத் தேடிப் பொருத்தினோம். நடு ஸ்டாண்டு, பின் கேரியர், டூல் பெட்டி எல்லாம் போயின. சேலை கார்டையும் கழற்றப் போனேன். பாய் கையைப் பிடித்தார். "பொண்ணு துப்பட்டா போட்டுகினு ஒக்கார்றது" என்றார். அலுமினியத்தில் மெல்லியதாக ஒன்று செய்து மாட்டினோம்.

பத்து நாள் வேலை. ஒவ்வொரு சாமானைக் கழற்றும்போதும் எடை, மாட்டும்போதும் எடை. வண்டி நூற்று எழுபத்தொன்றுக்கு வந்தது. முட்டுக் கொடுத்துப் பார்த்தால் முள் முப்பத்திநாலரை.

அங்கேயே நின்றுவிட்டது.

அன்று சாயங்காலம் பாய் ஆம்பூருக்கு ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பினார். "அரைக் கிலோதானே. வந்து பாத்துக்கலாம். வண்டிய குடுக்காத" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். மறுநாள் ஏழுமலை ஒரு அட்டைப்பெட்டியோடு வந்தார். அவருடைய தங்கை மகன் ஆன்லைனில் வாங்கிக் கொடுத்தது. உள்ளே அலுமினிய ஹேண்டில்பார். கறுப்பு நிறம், பளபளப்பு. பழைய இரும்பு ஹேண்டிலோடு ஒப்பிட்டால் கையில் இருப்பதே தெரியவில்லை.

"மாட்டிப் பாரேன் மாமு. பத்து நாளா பஸ்ல நின்னுகினே வர்றேன். கால் வீங்கிப்போச்சு" என்றார்.

பாய் சொன்ன மூன்று இடமும் எனக்கு நன்றாக நினைவிருந்தது. மறந்துவிட்டேன் என்று சொன்னால் பொய். ஆனால் அந்த முள் என் கண்ணிலேயே நின்றுகொண்டிருந்தது. ஹேண்டில் அகலமாக இருந்ததால் இரண்டு பக்கமும் ஓர் அங்குலம் ரம்பத்தால் அறுத்தேன். மாட்டினேன். முட்டுக் கொடுத்தேன். முள் இறங்கி முப்பத்திநாலில் உட்கார்ந்தது. ஏழுமலை தராசுக்குப் பக்கத்தில் குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்ததும் என் தோளில் கை போட்டார். ஓரிரு நாளில் பாய் வந்துவிடுவார் என்று எனக்குத் தெரியும். வண்டியை அன்றைக்கே கொடுத்துவிட்டேன்.

மறுநாள் காலை ஏழரைக்கு பாய் பையோடு ஸ்டேஷனிலிருந்து நேராகப் பட்டறைக்கு வந்தார். முதலில் பார்த்தது தட்டைத்தான். அதில் பழைய இரும்பு ஹேண்டிலும், நான் அறுத்துப் போட்ட இரண்டு குழாய் வளையங்களும் கிடந்தன. ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். ஒரு பக்கம் தடிமனாகவும் மறுபக்கம் மெல்லியதாகவும் இருப்பது எட்ட நின்ற எனக்கே தெரிந்தது. அறுத்தபோது நான் அதைப் பார்க்கவேயில்லை. பாய் வளையத்தை வைஸ் இடுக்கியில் வைத்து மெதுவாகத் திருகினார். நல்ல அலுமினியம் நசுங்கி முட்டை மாதிரி ஆகும். இது பாதி நசுங்குவதற்குள் ரஸ்க் மாதிரி உடைந்து இரண்டு துண்டாகக் கீழே விழுந்தது.

அவர் திரும்பினார். "தனபால் சார், வண்டி எங்க?"

"குடுத்துட்டேன் பாய்."

"அவருக்கு ஒரு காலு வேலை செய்யல. சிக்னல்ல வண்டிய அவரு கையாலதான் புடிச்சிகினு நிக்கிறாரு. நம்மள மாதிரி ஆளுக்கு ஹேண்டில் திருப்பறதுக்கு. அவருக்கு அதுதான் இன்னொரு காலு. நீங்க அதுல எடைய கொறைச்சிட்டீங்க சார்."

ஏழுமலைக்கு போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வீட்டு நம்பருக்குப் போட்டேன். அவர் மனைவி எடுத்தார். "இப்பதாண்ணா அப்பனும் பொண்ணும் கெளம்பிப் போனாங்க. இன்னா விஷயம்?"

போனை வைத்துவிட்டு என் வண்டியை எடுத்தேன்.

காசிமேடு தாண்டி, கடலோர ரோட்டில் வடக்கே போகிறேன். எதிர்ப்பக்கம் துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக நகர்கின்றன. நடுவில் உயரமான தடுப்பு. அவர் அந்தப் பக்கத்தில்தான் வர வேண்டும். லாரிகளுக்கு இடையில் தெரிகிற ஒவ்வொரு தலையையும் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். என் முன்னால் என்ன வந்தது, யார் ஹாரன் அடித்தார்கள், எதுவும் நினைவில்லை. திருவொற்றியூர் நெருங்கும்போது பார்த்துவிட்டேன். ஏழுமலை, பின்னால் பவானி. இருவரும் ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டு வந்தார்கள். கை அசைத்தேன், கத்தினேன். ஒரு லாரி நடுவில் வந்தது. அது போனபோது அவர்களும் போய்விட்டார்கள்.

அடுத்த திருப்பம்வரை போய்த் திரும்பினேன். லாரிகளின் இடைவெளியில் புகுந்து புகுந்து வந்தேன். முன்னால் சிக்னல் சிவப்பாக இருந்தது. வண்டிகள் நின்றுகொண்டிருந்தன. நின்ற இடத்தில் மனிதர்கள் ஓடுவதைப் பார்த்ததும் என் வண்டியை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன்.

வண்டி இடது பக்கம் விழுந்து கிடந்தது. ஏழுமலை ரோட்டில் உட்கார்ந்திருந்தார். அவருடைய இடது கையில் ஹேண்டிலின் பாதி இருந்தது. கிளட்ச் கேபிள் மட்டும் அதை வண்டியோடு பிடித்திருந்தது. பவானி லாரியின் முன்சக்கரத்துக்கு ஒரு முழம் தள்ளி, இடது மணிக்கட்டை மடியில் வைத்து மறு கையால் பிடித்தபடி இருந்தாள். முகம் வெளுத்திருந்தது. அழவில்லை.

அதற்குள் நாலைந்து பேர் லாரி டிரைவரைக் கீழே இழுத்துவிட்டார்கள். முப்பது வயதிருக்கும் அவனுக்கு. தெற்கத்திப் பேச்சு. "நான் நிறுத்திட்டேண்ணே. அவங்களாத்தான் விழுந்தாங்க. நான் தொடவே இல்லண்ணே" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். ஒருவன் அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினான். இன்னொருவன் லாரிச் சாவியை உருவினான்.

ஏழுமலை என்னைப் பார்த்தார். "மாமு, நீ எப்டி இங்க? லாரி இடிச்சிடுச்சா இன்னா?"

அவருக்கே தெரியவில்லை. அவர் கையிலிருந்த துண்டைப் பார்த்தேன். கிளாம்ப் பிடித்த இடத்தில் உடைந்து, உப்புக் கல் மாதிரி பொறபொறவென்று இருந்தது. அங்கே இருந்தவர்களில் அது என்னவென்று புரிந்தவன் நான் ஒருவன்தான்.

எழுதுவதற்குக் கூச்சமாக இருக்கிறது. நான் உடனே பேசவில்லை. ஒரு நிமிடம் இருக்கும். இடித்தது லாரி என்று ஆகிவிட்டால் எல்லாம் முடிந்துவிடும் என்று மனது கணக்குப் போட்டது. அந்த நேரத்தில் டிரைவர் கன்னத்தில் அடி விழுந்தது. அடித்த சத்தத்தில்தான் எனக்கு வாய் வந்தது.

"அவர வுடுங்க. லாரி இடிக்கல. ஹேண்டிலு ஒடஞ்சிடுச்சு. நான்தான் மாட்டினேன். நான் மெக்கானிக்கு."

பிறகு டிரைவரின் சட்டையைப் பிடித்திருந்த கை என் சட்டைக்கு வந்தது. எத்தனை அடி வாங்கினேன் என்று தெரியாது. பவானிதான் கீழே உட்கார்ந்தபடியே பேசினாள். "அந்தாள அப்பறமா அடிங்க. மொதல்ல ஆட்டோ புடிங்க. எங்கப்பாவ எழுப்பாதீங்க, முட்டிய பாக்கணும்."

ஆட்டோவில் ஏழுமலை என்னோடு பேசவில்லை. ஆஸ்பத்திரியில் டிராபிக் போலீஸ்காரர் வந்து விசாரித்தபோது மட்டும் சொன்னார்: "கம்ப்ளெய்ன்ட் ஒண்ணும் வாணாம் சார். சாமான் வாங்கியாந்தது நானு. மாட்ட சொன்னதும் நானு." அதைச் சொல்லும்போதும் என் பக்கம் பார்க்கவில்லை.

அவர் முட்டிக்கு ஒன்றுமில்லை. பவானிக்கு மணிக்கட்டில் எலும்பு முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு. வார்டு டியூட்டிக்குப் போக முடியாததால் அந்தப் பருவத்தின் செய்முறைப் பரீட்சை அவளுக்குத் தவறிப்போனது.

பாய் ஆஸ்பத்திரிக்கு வந்து என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார். "நீங்கதான்னு சொன்னீங்களா?"

"சொன்னேன் பாய்."

"ஒடனேவா?"

"இல்ல."

அவர் தலையை ஆட்டினார். நான்கு மாதம் என்னை சார் என்றே கூப்பிட்டார்.

வண்டிக்குப் பழைய இரும்பு ஹேண்டிலையே மாட்டினோம். முள் மறுபடியும் முப்பத்திநாலரை. பாயும் நானும் அந்த அரைக் கிலோவை எங்கே எடுப்பது என்று வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தோம். ஒரு சனிக்கிழமை ஏழுமலையும் பவானியும் வந்தார்கள். அவள் கையில் கட்டு. தராசையும் ஜாக்கியையும் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"வண்டி எவ்ளோ சாஞ்சா அப்பாவோட காலு தரையத் தொடுது?"

பாய் காட்டினார்.

"காலு முன்னாடியே தொட்டுட்டா அவ்ளோ சாயாதுல்ல? செருப்புக்கு அடியில ஒசரம் வெச்சா?"

பாய் என்னைப் பார்த்தார். நான் பாயைப் பார்த்தேன். தெருமுனையில் செருப்புத் தைப்பவரிடம் ஏழுமலையின் இடது செருப்பைக் கொடுத்து, அடியில் ஓர் அங்குலம் ரப்பர் வைத்து ஒட்டித் தைத்து வாங்கினோம். கால் இன்னும் சீக்கிரம் எட்டுவதற்காக சீட் ஸ்பாஞ்சையும் கொஞ்சம் சீவினோம். ஜாக்கியை ஓர் அங்குலம் உயர்த்தி முட்டுக் கொடுத்தால் முள் இருபத்தொன்பது. ரப்பர் செருப்பை நிறுத்துப் பார்த்தேன். நூற்றைம்பது கிராம் கூடியிருந்தது.

ஏழுமலை வண்டியை எடுத்துத் தனியாக ஓட்ட ஆரம்பித்தார். பவானி பஸ்ஸில் போனாள். மாவுக்கட்டு பிரித்து ஒரு மாதம் ஆகியும் பஸ்தான். ஒரு நாள் மத்தியானம் அப்பாவோடு பட்டறைக்கு வந்தாள். என்னிடம் நேராக வந்து நின்றாள்.

"மாமா, நீங்க அப்பா பின்னாடி ஒக்காந்து அந்த சிக்னல் வரைக்கும் போய்ட்டு வாங்க. அதுக்கப்பறம் நா யோசிக்கிறேன்."

ஏழுமலை ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். நான் கையைத் துடைத்துக்கொண்டு ஏறினேன்.

முப்பது வருடத்துக்கு மேல் வண்டி சரிசெய்தவன், பிறர் பின்னால் உட்கார்ந்து இப்படிப் பயந்ததில்லை. திருவொற்றியூர் போய்த் திரும்பினோம். அந்த சிக்னல் எங்களுக்கென்றே சிவப்பாகியது. வலது பக்கம் கன்டெய்னர் லாரி வந்து நின்றது. அதன் சக்கரம் என் தோள் உயரம். வண்டி இடது பக்கம் சாய்ந்தது. செருப்பு ரோட்டில் பதிந்தது. ஏழுமலையின் இரண்டு கையும் ஹேண்டிலை இறுக்கிப் பிடித்திருப்பதைப் பார்த்தேன். அவர் முட்டியைப் பார்த்தேன். லேசாக நடுங்கியது. விடவில்லை. பச்சை வரும்வரை நான் அந்த முட்டியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"மாமு, மூச்சு வுடு" என்றார் ஏழுமலை, திரும்பிப் பார்க்காமல். ஹேண்டில் உடைந்த நாளுக்குப் பிறகு அவர் என்னை மாமு என்றது அப்போதுதான்.

பட்டறை வாசலில் பவானி நின்றிருந்தாள். "நின்னுச்சா?"

"நின்னுச்சுமா."

"முட்டி?"

"லேசா நடுங்குச்சு. தாங்குச்சு."

அவள் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள், பிறகு ஹேண்டிலின் கிளாம்பைக் குனிந்து பார்த்தாள், விரலால் தொட்டுப் பார்த்தாள். பையைத் தோளில் குறுக்காக மாட்டிக்கொண்டு என்னை இறங்கச் சொன்னாள். வலது கையால் அப்பாவின் தோளைப் பிடித்து ஏறி உட்கார்ந்தாள். வண்டி கிளம்பியது. அவள் இடது காலை மட்டும் ஃபுட்ரெஸ்டில் வைக்கவில்லை. எப்போது வேண்டுமானாலும் தரையில் ஊன்றத் தயாராகக் கீழே தொங்கவிட்டிருந்தாள். அவர்கள் தெரு திரும்பி மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். அதுவரை அவள் அந்தக் காலை மேலே எடுக்கவில்லை.